நாற்பதில் சேராதவர்கள்: நம் கரையின் எழுதப்படாத மஹ்ஜர்

ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் ஜும்ஆத் தொழுகை பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் சற்று நின்றுதான் மேலே செல்ல வேண்டியிருக்கும். ஜும்ஆ நிறைவேற நாற்பது ஆண்கள் வேண்டும். அவர்கள் அவ்வூரையே தம் வதனாகக் கொண்டவர்களாக, கோடையிலும் குளிரிலும் தேவையின்றி அவ்வூரை விட்டு அகலாதவர்களாக இருத்தல் வேண்டும். இத்தகையோரை ‘முஸ்தவ்தின்’ என்பர். வேற்றூரிலிருந்து வந்து நான்கு நாள்களோ அதற்கு மேலோ தங்கும் நிய்யத்துடன் இருப்பவர் ‘முகீம்’. அவர் பயணி அல்லர். தொழுகையைக் கஸ்ராகச் சுருக்கும் சலுகை அவருக்கில்லை. ஜும்ஆவும் அவர்மீது கடமையே. ஆயினும், என்றேனும் தம் ஊருக்குத் திரும்பும் எண்ணம் அவர் உள்ளத்தில் இருக்குமாயின், எத்தனை ஆண்டுகள் தங்கினாலும் அந்த நாற்பது பேரின் எண்ணிக்கையில் அவர் சேரார். கடமையில் உண்டு, கணக்கில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், என் பாட்டனார் கொழும்பில் முப்பத்திரண்டு வருடம் கடை வைத்திருந்தாராம். அவர் நாற்பதில் சேர்வாரா?” என்று கேட்டார். மற்ற மாணவர்கள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை, என் பாட்டனாரும் அவ்வாறு இருந்தவரே. ஊருக்கு மீளும் நிய்யத்து இருந்ததா என்பதைப் பொறுத்தது என்று விடை சொன்னேன். “அது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லையே” என்றார் அவர். இக்கட்டுரை அந்த மறுமொழியிலிருந்து பிறந்தது.

அதே நாள் பிற்பகலில் நான் நடத்த வேண்டியிருந்தது ‘அதபுல் மஹ்ஜர்’. நவீன அரபு இலக்கியம் பயில்வோர் இதனைத் தவிர்க்க இயலாது. ஹிஜ்ரத் என்னும் வேரிலிருந்து பிறந்த இடப்பெயர் ‘மஹ்ஜர்’. பெயர்ந்து சென்று சேருமிடம் என்பது பொருள். லெபனானிலிருந்தும் ஷாமின் பிற பகுதிகளிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கண்டங்களுக்குப் பெயர்ந்தோர் அங்கிருந்து படைத்த இலக்கியத்திற்கு இப்பெயர் நிலைத்துவிட்டது. 1920இல் நியூயார்க்கில் ‘அர்ராபிதத்துல் கலமிய்யா’ என்னும் எழுத்தாளர் அமைப்பு உருவாயிற்று. ஜிப்ரான் கலீல் ஜிப்ரான் அதன் தலைவர்; மீகாயீல் நுஐமாவும் ஈலியா அபூமாளியும் அதன் தூண்கள். தெருவில் சுமை தூக்கி விற்றவர்களும் கடைகளில் கணக்கெழுதியவர்களும் அடங்கிய ஒரு சமூகம் தன் பிரிவை, தன் தாயை, தன் கிராமத்துப் பனியை, தான் வந்து சேர்ந்த நகரின் இரைச்சலை எழுதிற்று. நுஐமா 1932இல் தம் பஸ்கின்தா கிராமத்திற்கே மீண்டு, எழுபது வயதை எட்டியபோது ‘ஸப்ஊன்’ என்னும் தன்வரலாற்றை மூன்று பாகங்களாக எழுதினார். நம் மாணவர்கள் இவற்றையெல்லாம் குறிப்பெடுத்துத் தேர்வெழுதுகின்றனர். தம் வீட்டுப் பரணில் ஒரு மஹ்ஜர் கிடக்கிறது என்பதை அவர்களும் அறியார். நாமும் சொல்லித் தந்ததில்லை.

தூத்துக்குடி, காயல்பட்டினம் தொடங்கி வடக்கே கீழக்கரை வரையிலான இக்கடற்கரைக்கும் இலங்கைக்கும் இடையிலான போக்குவரத்தின் தொன்மையை ஈண்டு விரித்துரைக்கத் தேவையில்லை. மரக்கலம், நீராவிக் கப்பல், தோணி என ஊர்திகள் மாறின, போக்கு நிற்கவில்லை. துணி, அரிசி, கருவாடு, மாணிக்கம், சங்கு என்று சரக்குகள் மாறின. போனவர் திரும்பிவரும் வழக்கமும் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இவ்வளவு பேர் நாடு பெயர்ந்து வாழ்ந்தும், அவ்வாழ்வைப் பற்றிய எழுத்து நம்மிடம் ஏன் இல்லை?

இல்லை என்று சொல்வது மிகை என்போர் உண்டு. குடும்ப வரலாறுகள் இருக்கின்றன. பள்ளிவாசல் நூற்றாண்டு மலர்கள் இருக்கின்றன. வலிமார் சரித்திரங்கள் இருக்கின்றன. இவற்றை நானும் விருப்புடன் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் வரிசையாக வைத்துப் படித்தால் இவற்றின் அமைப்பு ஒன்றாகவே இருக்கக் காணலாம். முதல் அத்தியாயத்தில் காஹிராவிலிருந்தோ மதீனாவிலிருந்தோ ஒரு கப்பல் புறப்படுகிறது. முன்னோர் கரையிறங்குகின்றனர். பாண்டியன் வரவேற்று நிலம் தருகிறான். ஷஜரா விரிகிறது. பின்னர் எழுநூறு ஆண்டுகள் ஒரே பத்தியில் கடந்து, பள்ளி கட்டியோர், வக்ஃபு அளித்தோர் பெயர்ப்பட்டியல் வருகிறது. அப்பட்டியலில் உள்ளோரில் பலர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொழும்பிலோ காலியிலோ கழித்தவர்கள். அதற்கு ஒரே ஒரு சொற்றொடர்: ‘இலங்கையில் வணிகம் செய்துவந்தார்.’ வந்தவரின் கதை நம்மிடம் காவியமாக இருக்கிறது. போனவரின் கதை ஒரு வினைமுற்றோடு முடிந்துவிடுகிறது.

வந்த கதையை நான் பழிக்கவில்லை. மார்க்கோ போலோ பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலைக் கண்டு எழுதியதும், அரபு நாட்டுக் குதிரைகள் இங்கே இறங்கியதும், தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடம் அமைச்சராக இருந்ததாக வஸ்ஸாஃப் குறித்ததும் வரலாறே. இக்கரையில் துறைமுகமே இடம்பெயர்ந்த ஒன்றன்றோ! கொற்கையைத் தாமிரபரணியின் வண்டல் மூட, பழையகாயல் எழுந்தது. அதுவும் கடலை இழக்க, புன்னைக்காயலும் காயல்பட்டினமும் தூத்துக்குடியும் முறைவைத்து எழுந்தன. ஊரே பெயரும் கரையில் மக்கள் பெயர்வது வியப்பில்லை. வந்ததை மட்டும் பெருமையாகவும் போனதைப் பிழைப்பாகவும் நாம் பிரித்து வைத்ததுதான் என் குறை. பிழைப்பைப் பற்றி யார் எழுதுவார்?

இப்பிரிவினைக்கு நாம் கொடுத்த விலையைக் காட்டும் ஒரு விவாதம் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவரலாறு குறித்து அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறுபட்டோர் என்பது அவர் வாதம். அவர்கள் பேசும் மொழியையும், முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்தனர் என்னும் வழக்கையும் சான்றாக்கினார். சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற வினா எழுந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டே, 1889இல், அவ்வுறுப்பினர் நியமனம் நடந்தது. ஆகவே கட்டுரையின் அரசியல் நோக்கம் ஒளிவுமறைவானதன்று. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இதற்கு நூல்வடிவில் மறுப்பெழுதினார். சோனகர் அரபு வழியினர். மொழி வணிகத்தால் வந்தது, குருதியால் அன்று என்பது அவர் நிலை. உமய்யா ஆட்சியில் துன்புற்ற ஹாஷிம் குலத்தார் எட்டாம் நூற்றாண்டில் கொங்கணத்திலும் தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் மலாக்காவிலும் குடியேறினர் என்று அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் 1827இல் பதிவுசெய்த செவிவழி வரலாறும் இத்தகைய வாதங்களுக்கு நெடுங்காலம் துணைநின்றது.

மறுப்பு நூலின் நியாயத்தை நான் ஐயுறவில்லை. ஒரு சிறுபான்மையினர் தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமையை அஸீஸ் காத்தார். ஆயினும் அவ்விவாதத்தை முழுதும் படித்து முடித்தபின் ஒரு வெறுமை எஞ்சுகிறது. இரு தரப்பாரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கப்பலைப் பற்றி வாதிட்டனர். அவர்கள் வாதிட்ட அதே நாளில் கொழும்புத் துறைமுகத்தில் காயலிலிருந்து வந்திறங்கிக்கொண்டிருந்த மனிதர் இருவர் எழுத்திலும் உயிரோடு இல்லை. ஒருவருக்கு அவர் ஒரு சான்று. மற்றவருக்கு அவர் ஓர் இடையூறு. அங்குள்ள ஆவணங்களில் அவருக்குத் தனிப்பெயரே இருந்தது: ‘கரையோரச் சோனகர்’. குடிக்கணக்கில் இலங்கைச் சோனகர் ஒரு நிரல். இந்தியச் சோனகர் வேறு நிரல். 1915இல் கலவரம் வெடித்தபோது முதற்பழி இந்தக் கரையோரச் சோனகர்மீதே சுமத்தப்பட்டது. கம்பளையில் அவர்களது பள்ளியைக் கடந்து செல்லும் ஊர்வலம் பற்றிய வழக்கு அதற்கு முன்னரே புகைந்துகொண்டிருந்தது. தாக்கியவர்களுக்கு இரு நிரல்களின் வேறுபாடு தெரியவில்லை என்பது வேறு கதை.

கொழும்பு புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவில் செந்நிறமும் வெண்ணிறமும் பட்டைகளாக விரவிய ஒரு பள்ளிவாசல் உண்டு. ஜாமிஉல் அல்ஃபார் என்பது அதன் பெயர். மக்கள் வழக்கில் சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908இல் தொடங்கி அடுத்த ஆண்டு கட்டிமுடிக்கப்பட்ட அப்பள்ளி தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் முயற்சி. இன்று சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். நானும் ஒருமுறை அங்கு ஜும்ஆத் தொழுதேன். கட்டியவர்களில் எத்தனை பேர் ஊருக்கு மீளும் நிய்யத்தை நெஞ்சில் வைத்திருந்தனர், தாங்கள் எழுப்பிய பள்ளியிலேயே நாற்பதில் சேராதவர்களாக எத்தனை பேர் நின்றிருப்பர் என்ற எண்ணம் குத்பாவின்போது என்னை விட்டு அகலவில்லை. குத்பாவைச் செவிமடுக்காமல் இதை நினைத்துக்கொண்டிருந்தது என் குற்றம்தான்.

தமிழ்ப் புதினம் இக்குறையை நிறைத்ததா? பாதி நிறைத்தது எனலாம். தோப்பில் முஹம்மது மீரான் தம் ‘துறைமுகம்’ நாவலில் குமரிக் கடற்கரையின் சிறுவணிகர்களை எழுதினார். அதில் கொழும்பு வருகிறது. ஆனால் தொலைவிலிருந்து மீனின் விலையை நிர்ணயிக்கும் ஓர் அதிகாரமாகவே வருகிறது. அவருடைய கண் கரையை விட்டு அகலவில்லை. அகலத் தேவையுமில்லை, அவர் எழுத வந்தது அக்கரையின் கொடுமையை. 2004இல் வெளிவந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ எதிர்ப்புறத்தில் நிற்கிறது. ஆண்கள் கடல்கடந்து பொருளீட்டும் ஓர் ஊரில் எஞ்சிய பெண்களின் உலகம் அது. நம் இல்லங்களில் அந்நூல் எழுப்பிய சினத்தை நான் அறிவேன். அச்சினத்தில் பாதி, அது பொய் என்பதால் எழுந்ததன்று. ஆனால் அதிலும் போனவர் எங்கே உறங்கினார், யாரோடு உண்டார், நோயுற்றபோது யார் கஞ்சி காய்ச்சினார் என்பது இல்லை.

போன இடத்தை எழுதியவர் நம் சமூகத்திற்கு வெளியே ஒருவர் இருக்கிறார். மேதானில் பணியாற்றி மீண்ட ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. மேதான், பினாங்குத் தெருக்கள், செட்டிமார் கடைகள், அடுத்தாட்கள், ராவுத்தர்மார், யுத்தம் அனைத்தும் அதிலுண்டு. சின்னமங்கலத்தையும் மதுரையையும் நினைந்தபடியே அயல்நகரின் தெருவில் நடக்கும் பாண்டியனின் உள்ளம் எவ்விடத்தது? அவன் முகீமா, முஸ்தவ்தினா, முஸாஃபிரா? சிங்காரத்திற்கு இச்சொற்கள் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த இடைநிலை தெரிந்திருந்தது. தமிழில் மஹ்ஜர் இலக்கியம் இயலாது என்பாருக்கு இந்நூல் ஒன்றே விடை. பினாங்கைவிடக் கொழும்பு அருகில் இருப்பதால் பிரிவு பெரிதாக உணரப்படவில்லை என்பாரும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஓரிரவுக் கப்பல் பயணம்தான். பிரிவின் அளவு கடல்மைலில் இல்லை என்பதற்கு 1948க்குப் பிந்திய கதையே போதும். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் கப்பலைப் பற்றி ஒரு சொல். 1906இல் வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி குறித்து எத்தனை நூல்கள்! ஹாஜி முகம்மது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் எடுத்ததை நம் மேடைகளில் தவறாமல் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அக்கப்பலில் ஏறியவர் யார்? எந்தத் தட்டில் படுத்தார்? மூட்டையில் என்ன கொண்டு சென்றார்? 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கி, அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோனது. அப்போது செய்தித்தாள்கள் கப்பலின் நீளத்தையும் கட்டணத்தையும் எழுதின. ஊரில் ஒரு மூதாட்டி கேட்டது வேறு: “அந்தக் கப்பல் போனவங்களைக் கூட்டிக்கிட்டு வருமா?”

இனிச் சட்டத்திற்கு வருவோம். இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனார் முதலிய முன்னோரோ அந்நாட்டில் பிறந்ததைக் காட்ட இயன்றவருக்கே வழிவழிக் குடியுரிமை. காட்ட இயலாதோருக்காக 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. மணமானவர் 1946 சனவரிக்கு முன் ஏழாண்டுகள் இடையறாது அந்நாட்டில் வதிந்திருக்க வேண்டும், மணமாகாதவர் பத்தாண்டுகள். இதைப் பலர் அறிவர். பலரும் கவனியாதது இன்னொரு நிபந்தனை: விண்ணப்பிக்கும் ஆண் மணமானவராயின், அவர் மனைவியும் திருமணமான ஓராண்டுக்குள் இலங்கைக்கு வந்து, விண்ணப்ப நாள்வரை இடையறாது அங்கே வதிந்திருத்தல் வேண்டும்.

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் துயரத்தோடு சேர்த்தே இச்சட்டம் பேசப்பட்டு வருகிறது. அத்துயரம் அளவிறந்தது என்பதால் அது முறையே. ஆனால் காயல் கரைக்கு இச்சட்டம் செய்தது தனிவகை. இங்கே வீடு பெண்ணுடையது. மகளுக்கு வீடு கொடுத்தே மணமுடிப்பர்; மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்குக் குடிபோவார். ஆண்மகன் தன் தாய்வீட்டை விட்டுப் பெயரும் முதற்பெயர்ச்சி அது. கொழும்புக்குப் பெயர்வது இரண்டாவது. பெண் பெயர்வதில்லை. நூற்றாண்டுகளாக ஊரைக் காத்த அந்த ஏற்பாடே, சட்டத்தின் கண்ணில், இவன் இந்நாட்டவன் அல்லன் என்பதற்குச் சான்றாயிற்று. மனைவி வேற்றூரில் இருக்கிறாள். ஆகவே இவன் உள்ளமும் வேற்றூரில் இருக்கிறது! ஃபிக்ஹு நிய்யத்தைக் கேட்டது. சட்டம் மனைவியின் இருப்பிடத்தைக் கேட்டது. முடிவில் இரண்டும் ஒன்றையே சொல்லின. வேறுபாடு இதுதான்: ஃபிக்ஹு அவனை எண்ணிக்கையில் சேர்க்காவிடினும் அவன் தொழுகை நிறைவானதே என்றது; அவனை முதல் வரிசையிலிருந்து எழுப்பவில்லை. சட்டம் தற்காலிக வதிவிட அனுமதிச் சீட்டைக் கையில் கொடுத்து நாளெண்ணச் செய்தது.

இவ்வனுபவத்தின் மூல நூல்கள் அச்சில் இல்லை, கடிதங்களில் இருக்கின்றன என்பதே நான் சொல்ல வருவது. இக்கரையின் பெண்களில் மிகப் பலர் தமிழெழுத்து அறியாதிருந்த காலத்திலும் குர்ஆன் ஓதக் கற்றிருந்தனர். அவ்வெழுத்தாலேயே தமிழை எழுதினர். அர்வி என்றும் அரபுத்தமிழ் என்றும் நாம் வழங்கும் இவ்வெழுத்துமுறையின் மேன்மையைப் பேசும்போது மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் நூல்களைச் சுட்டுவோம். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்களின் 1993ஆம் ஆண்டுப் பெருநூல் ஸரன்தீபிலும் தமிழகத்திலும் விளங்கிய ஆலிம்களையும் அவர்தம் ஆக்கங்களையும் திரட்டித் தந்துள்ளது; அவ்வுழைப்புக்கு ஈடில்லை. ஆனால் வீட்டுக் கடிதம் இவ்வாராய்ச்சிகளின் எல்லைக்குள் வரவில்லை. அரபெழுத்தில் இருப்பதால் அவற்றைக் குப்பையில் எறிய அஞ்சி, கிணற்றில் இட்டனர், கடலில் விட்டனர், எரித்தோரும் உண்டு. ஓர் இலக்கியம் மரியாதையினாலேயே அழிந்தது.

என் பாட்டனார் 1950களின் நடுவில் கொழும்பைவிட்டு மீண்டபோது கொண்டுவந்தவற்றில் பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதில் என் பாட்டியார் அவருக்கு எழுதிய கடிதங்கள் நாற்பதுக்கும் மேல். அவர் பாட்டியாருக்கு எழுதியவை ஒன்றும் எஞ்சவில்லை. அவை எப்போது எந்தக் கடலில் விடப்பட்டன என்பதைச் சொல்ல இப்போது யாருமில்லை. கடந்த ஆண்டு பெட்டியைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று, அன்று கேள்வி கேட்ட மாணவர் பட்டம்பெற்றுப் போய்விட்டமையால், அடுத்த அணி மாணவர் மூவரிடம் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தேன். அரபு இலக்கணத்தில் தேர்ந்தவர்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டனர். எழுத்து தெரிந்தது, மொழியும் தெரிந்தது, இரண்டையும் ஒன்றாகப் படிக்கத் தெரியவில்லை. சுகூனும் ஹரகத்தும் இடாத வேகக் கையெழுத்து வேறு. ஒரு வாரம் ஆயிற்று.

எவ்வித அலங்காரமும் இல்லாத கடிதங்கள். ஸலாம், நலம், அரிசி விலை, முற்றத்துச் சுவரை மழைக்கு முன் பூசுவதா வேண்டாமா, பிள்ளை அம்ம ஜுஸ்வில் எதுவரை வந்திருக்கிறான், பக்கத்து வீட்டு மையத்துச் செய்தி. நுஐமாவின் நடையை இவற்றில் தேடுவோர் ஏமாறுவர். ஆனால் பத்துக் கடிதங்களைத் தொடர்ந்து படித்தால், கணவர் மூன்றாண்டுகளாக வராத ஒரு வீட்டில் எல்லா முடிவுகளையும் தாமே எடுத்துவிட்டு, எடுத்தபின் கணவரிடம் அனுமதி கேட்கும் ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்கிறது. சுவர் ஏற்கனவே பூசப்பட்டுவிட்டது என்பது அடுத்த கடிதத்தின் செலவுக் கணக்கில் தெரிகிறது. இந்நுட்பத்தை எந்தப் புதினத்திலும் நான் படித்ததில்லை.

மாணவர்கள் கடைசியாகப் படித்து முடித்தது ஹிஜ்ரி 1370, ரபீஉல் ஆகிர் மாதக் கடிதம். அதாவது 1951இன் தொடக்கம். கொழும்பில் எல்லாரும் ஏதோ பாரம் நிரப்பிக் கொடுக்கிறார்களாமே, நீங்களும் கொடுத்தீர்களா என்று பாட்டியார் கேட்கிறார். அதில் பெண்சாதி இருக்கும் ஊர் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். நான் கொழும்பில் இருப்பதாக எழுதச் சொல்லி உங்கள் கடை ஆட்கள் வற்புறுத்துவதாகக் கேள்விப்பட்டேன். பொய் எழுத வேண்டாம், ஆனால் எழுதாவிட்டால் கடை போய்விடுமா என்றும் கேட்கிறார். அதன் கீழே, வேறு மையில், பின்னர் நினைத்துச் சேர்த்ததுபோல் ஒரு வரி. அந்தக் கட்டத்தில் எந்த ஊரை எழுதினீர்கள்?

பதில் பெட்டியில் இல்லை. மாணவர்கள் மீதிக் கடிதங்களைக் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து இன்னும் படிக்கப்படாமல் கிடக்கின்றன.